கீழ்த்தளத்தில் ஒரு கேபின்

கப்பல் பயணத்துக்குக் கூட்டமாக வருகிறவர்கள் நம் அலுவலகக் கதிரையில் உட்காரும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடுவார்கள்: எல்லா அறையும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்களும் இனி அதைத்தான் தினமும் கேட்கப் போகிறீர்கள். கேட்ட உடனே கணினியில் தேடத் தொடங்க வேண்டாம் என்று சொல்லவே இதை எழுதுகிறேன். யாருக்கு யார் பக்கத்தில்? எதற்காக? அப்படி வேண்டும் என்று சொன்னது யார்? நான் இந்தத் தொழிலில் இருந்த காலம் முழுவதும் என்னை விடாமல் பிடித்திருந்த கேள்விகள் இவைதான். இன்றைக்கும் முழுப் பதில் கிடைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. எத்தாளையில் வலை இழுத்தேன், புத்தளத்து உப்பளத்தில் உப்பு சுமந்தேன், வளைகுடாவில் கட்டட வேலை செய்தேன். அங்கிருந்து ஒரு பயணிகள் கப்பலில் அறை துப்புரவு செய்யும் வேலைக்குப் போனேன். கடற்கரை மீன் வாடியிலும் தொழிலாளர் முகாமிலும் கப்பலின் அடிவயிற்றிலும் ஆளோடு ஆள் ஒட்டித்தான் படுத்திருக்கிறேன். அது கஷ்டமா என்று கேட்டால், மற்றவர்கள் படுத்தது போல நானும் படுத்தேன். அவ்வளவுதான். ஆனால் ஒன்றைப் பார்த்தேன். ஒட்டிப் படுப்பவர்களில் சிலர் அதில் நன்றாக உறங்குவார்கள், சிலர் விடியும் வரை சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள். காலையில் இரண்டு பேரும் ஒரே மாதிரி எழுந்து வேலைக்குப் போவார்கள். கேட்காவிட்டால் எவர் உறங்கினார், எவர் உறங்கவில்லை என்று உங்களுக்குத் தெரியாது.

ஒரு இடத்தில் நிற்க முடியாதவன் நான். புத்தளம் அலுவலகத்தில் இத்தனை காலம் இருந்தது எனக்கே ஆச்சரியம். இப்போது முந்தலில் ஒரு சிநேகிதரின் இறால் பண்ணையில் இருக்கிறேன், அடுத்த வருடம் எங்கே என்று தெரியாது. எழுதித் தரச் சொல்லிக் கேட்டது ஜெசிந்தா. இன்று உங்களுக்கெல்லாம் மேலாளராக இருக்கும் அதே ஜெசிந்தாதான். அவர் வன்னியிலிருந்து போர்க்காலத்தில் புத்தளம் வந்து குடியேறிய குடும்பத்துப் பெண். நான் சொல்லப்போகிற விஷயத்தில் பாதி அவருடையது.

நம் அலுவலகம் மக்காவுக்கு உம்ரா யாத்திரைக்கு ஆள் அனுப்பி வளர்ந்த அலுவலகம். அதில் ஒரு நடைமுறை ஊறிப்போயிருந்தது. ஒரு குடும்பம் என்றால் ஒரு ஆண் வருவார், எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் ஒரு பையில் கொண்டு வந்து வைப்பார், எல்லாருக்காகவும் அவரே பேசுவார். நாமும் அவரிடமே கேட்டு எழுதிக்கொள்வோம். உம்ராவுக்கு அது போதும். அங்கே போகிற நோக்கம் எல்லாருக்கும் ஒன்று. கப்பலில் போகிறவர்களுக்கு நோக்கம் ஆளுக்கு ஒன்று. இதை நாம் யாருமே யோசித்திருக்கவில்லை.

ஆலங்குடாவிலிருந்து வந்தவர் நவாஸ். தென்னங்காணியும் கடற்கரையில் சுற்றுலாக்காரர் தங்கும் இரண்டு மூன்று கபானாவும் வைத்திருக்கும் வீட்டின் மருமகன். எங்கள் பக்கத்து வழக்கப்படி கல்யாணம் முடித்துப் பெண் வீட்டிலேயே இருப்பவர். மாமனார் மௌத்தான பிறகு வீட்டின் எல்லாப் பாரமும் அவர் தோளில்தான். நல்ல மனிதர். மாமியார் சுலைஹா உம்மாவுக்கு ஒரு முறையாவது கடலில் பெரிய கப்பலில் போக ஆசை. பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து அழைத்துப் போவதென்று முடிவு. சிங்கப்பூரில் ஏறி, மலேசியப் பக்கம் போய்த் திரும்பும் கப்பல். பிள்ளை குட்டிகளோடு ஒரு நடைபாதையையே நிரப்பும் கூட்டம்.

நவாஸ் சொன்ன ஏற்பாடு தெளிவாக இருந்தது. நடுவில் கதவு வைத்து இணைத்த இரண்டு கேபின்கள் வேண்டும். ஒன்றில் உம்மாவும், அவரைப் பார்த்துக்கொள்கிற மூத்த மகள் ஸபிய்யாவும். மற்றதில் நவாஸும் அவருடைய மனைவி ரிஸானாவும் பிள்ளைகளும். நடுக்கதவு எப்போதும் திறந்திருக்கும். மற்றச் சகோதரிகளின் குடும்பங்கள் அதே வரிசையில்.

ஸபிய்யா ஐம்பதை நெருங்கியவர். கல்யாணம் முடிக்கவில்லை. வீட்டிலிருந்தே தையல் செய்கிறவர். உம்மாவுக்குத் தொழுகைக்கு முன் ஒளு செய்யத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது, மருந்துக் குளிசை கொடுப்பது, காலில் எண்ணெய் தேய்ப்பது எல்லாம் அவர்தான். இதை நவாஸ் சொன்னபோது அதில் ஏவல் தொனி எதுவும் இல்லை. மரியாதையோடுதான் சொன்னார்.

கொழும்பிலுள்ள கப்பல் முகவரிடமிருந்து பதில் வந்தது. இணைத்த இரண்டு கேபின்கள் உண்டு. அதே வரிசையில் மற்றவையும் உண்டு, ஆனால் ஒரு ஆளுக்கு இடம் குறைகிறது. மீதி இருப்பது ஒருவர் தங்கும் சிறிய கேபின், கீழ்த்தளத்தில், கப்பலின் பின்பக்கம். மறுநாள் மதியத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் எல்லாம் கைவிட்டுப் போய்விடும்.

நான் நவாஸுக்கு அழைத்துச் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை.

"நாங்க ஒரு சஹன்ல சாப்பிடுற ஆக்கள் நானா. ஒத்தர மட்டும் கீழ தள்ளிட்டு என்னத்துக்குப் போறது? எல்லாரும் ஒண்டா இல்லாட்டி வேணாம். விட்டுடுவம்."

நானா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன். சஹன் என்பது எங்கள் விருந்துகளில் பலர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கைபோட்டுச் சாப்பிடும் பெரிய தாம்பாளம். அவர் சொன்னதில் பிழையில்லை. நம் முதலாளியும், சரி, அடுத்த மாதக் கப்பலைப் பார், இதை ரத்துச் செய்து முடித்து விடு என்றார். நான் அன்று முடித்திருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

எனக்கு ஏனோ முடிக்க மனம் வரவில்லை. கப்பலில் வேலை செய்த நாட்களில் எத்தனையோ குடும்பங்களின் படுக்கைகளை விரித்தவன் நான். பக்கத்துப் பக்கத்து அறை கேட்டு வந்தவர்கள் இரண்டாம் நாளே கதவில் 'தொந்தரவு செய்ய வேண்டாம்' அட்டையைத் தொங்கவிடுவதையும், அது பெரும்பாலும் ஒரே ஆளின் கதவாக இருப்பதையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கூட்டத்திலே யார் அந்த ஆள் என்று அறிய எனக்கு எப்போதும் ஒரு ஆவல். அதனால் அப்போது என்னோடு வேலை செய்த ஜெசிந்தாவையும் ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஆலங்குடாவுக்குப் போனேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். விடவில்லை, உட்கார வைத்துவிட்டார்கள். முன் மண்டபத்தில் ஆண்களின் சஹன், திரைக்கு அந்தப் பக்கம் பெண்களின் சஹன். சாப்பிட்டுக்கொண்டே கவனித்தேன். எந்த மருமகன் யார் பக்கம் சாய்ந்து உட்காருகிறார், யார் யாருக்கு இறைச்சித் துண்டைத் தள்ளி விடுகிறார், எந்தப் பிள்ளை யார் மடியை விட்டு இறங்காது. அரை மணி நேரம் பார்த்தால் ஆண்களுக்கு எந்த அறை எதற்குப் பக்கத்தில் என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடலாம். ஆனால் திரைக்கு அந்தப் பக்கம்? அறையில் கிடக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் அங்கேதான். அங்கே என் கண் போகாது. நம் தொழிலில் எப்போதும் பாதி இருட்டாகவே இருந்திருக்கிறது என்பது எனக்கு அந்தச் சோற்றில் கை வைத்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது.

ஜெசிந்தா அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். சாப்பாடு முடிந்து கிணற்றடியில் கை கழுவப் போனபோது என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணை, அந்த மூத்த அக்கா என்னட்ட ஒண்டு கேட்டவ. கீழ இருக்கிற அறைக்கு உள்ளுக்கு இருந்து பூட்டலாமோ எண்டு."

"நீ என்ன சொன்ன?"

"பூட்டலாம் எண்டன். வேற ஒருத்தரும் அந்த அறையைப் பற்றிக் கேக்கேல்லை. எல்லாரும் அங்க ஆர் போறது, பாவம் எண்டுதான் கதைச்சவை."

மிச்சத்தை ஜெசிந்தா மெதுவாகச் சொன்னார். பாத்திரம் கழுவும் இடத்தில் ஸபிய்யா தானாகவே பேசியிருக்கிறார். ரிஸானாவின் கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் ஒரு மருமகன். தங்கையின் கணவன் முன்னால் அக்கா தலையை மூடித்தான் இருக்க வேண்டும். அது அவருக்கும் விருப்பமான ஒழுக்கம்தான், அதில் குறை ஏதும் இல்லை. ஆனால் அவர் படுக்கிற உம்மாவின் அறைக்குக் கதவு சாத்துவதில்லை. நவாஸ் நாளுக்குப் பல தடவை உம்மாவை விசாரிக்க வருவார். ஆக, எழுந்த நேரம் முதல் படுக்கும் நேரம் வரை, சொந்த வீட்டில், தலைத் துணி இறங்கியதே இல்லை. தலை குளித்தால் ஈரத்தின் மேலேயே துணி. கப்பலிலும் நடுக்கதவு திறந்து அதே ஏற்பாடு.

ஸபிய்யா சொன்னதை ஜெசிந்தா அப்படியே சொன்னார்: "பகல் நேரத்துல, முடிய விரிச்சுப் போட்டுட்டு, யாரும் வருவாங்களோ எண்டு பாக்காம இருக்கணும். கப்பல் எங்க போனாலும் எனக்கு ஒண்டுதான்."

இந்தப் பயணம் நின்றால் யாருக்கு என்ன போகும் என்று அப்போது தெரிந்தது. மற்றவர்களுக்கு அடுத்த மாதம் இன்னொரு கப்பல் வரும். அதில் எல்லா அறையும் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கும். ஸபிய்யாவுக்கு அதில் வீட்டில் இருப்பதேதான் கிடைக்கும்.

இனி என்ன செய்வது? தம்பிமாரே, தங்கச்சிமாரே, இந்த இடத்தில்தான் நம்மில் பலர் வழுக்குவார்கள். கப்பல்காரன் இப்படித்தான் அறை ஒதுக்கியிருக்கிறான், மாற்ற முடியாது என்று ஒரு பொய் சொல்லலாம் என்றார் ஜெசிந்தா. நானும் அதை யோசித்தேன். ஆனால் பொய் சொன்னால் நவாஸ் என்ன செய்வார்? மனைவியின் அக்கா, மதினி, பாவம் என்று தானே கீழே போய்ப் படுப்பார். அவர் அப்படிப்பட்ட மனிதர். நல்ல மனிதர்களிடம் இந்தப் பொய் வேலை செய்யாது. ஸபிய்யா சொன்னதை நானே மண்டபத்தில் எடுத்துச் சொல்லலாமா? அவர் பாத்திரம் கழுவிக்கொண்டே ஒரு பெண்ணிடம் சொன்னதை ஆண்கள் நடுவில் வைக்க எனக்கு உரிமை இல்லை.

சரி, உண்மையில் எதைச் சொல்லலாம் என்று பார்த்தேன். சொல்ல ஒரு உண்மை இருந்தது. அது அவர்களுக்கு என்னை விட நன்றாகத் தெரிந்த உண்மை.

திரும்பி மண்டபத்துக்கு வந்து, திரைக்கு அந்தப் பக்கமும் கேட்கிற மாதிரிப் பேசினேன். கப்பல் கேபின் வீட்டு அறை போல இல்லை, கட்டிலுக்கும் கதவுக்கும் இடையில் ஒரு ஆள் திரும்பத்தான் இடம் என்றேன். நடுக்கதவு திறந்திருந்தால் இரண்டும் ஒரே அறை மாதிரி. அதில் உம்மா இருக்கலாம், மருமகன் அவருக்கு மகன் முறை. ரிஸானா மனைவி. மனைவியின் அக்காவை அந்த ஒரே அறைக்குள் ராப்பகலாக வைப்பது சரிதானா என்று மட்டும் யோசித்துச் சொல்லுங்கள் என்றேன்.

 நவாஸ், அப்ப கதவ மூடிக்குவம் என்றார்.

உம்மா திரைக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தார். "கதவ மூடினா எனக்கு மூச்சு முட்டும்" என்றார்.

"அப்ப உம்மாவோட ரிஸானா படுக்கட்டும். மதினி எங்க படுப்பாங்க? மத்த ரூம் எல்லாத்துலயும் ஆம்பிளையள் இருக்காங்களே" என்றார் நவாஸ்.

யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வாயைத் திறக்காமல் இருப்பதும் நம் வேலையில் ஒரு பகுதி. அன்று அது மிகவும் கடினமாக இருந்தது, ஏனென்றால் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வராமலே போகலாம். வராவிட்டால் நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

வந்தது. "நான் கீழ போறன்."

மண்டபத்தில் எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். நவாஸ் அதை ஒரு தியாகமாக எடுத்துக்கொண்டார். வேண்டாம் மதினி, உங்களைத் தனியே விட மாட்டோம் என்று தொடங்கினார்.

"பாவம் பாத்துச் சொல்லல்ல. எனக்கு விருப்பம்."

நவாஸ் சிரித்துச் சமாளித்தார். "பாருங்க நானா, மதினிக்குக் கப்பல்ல தனி வீடு வேணுமாம்."

"வீடு வேணாம் மச்சான்" என்றது அந்தக் குரல். "ஒரு கதவு."

மறுநாள் மதியத்துக்கு முன்பே உறுதி செய்தோம்.

இங்கேயே நிறுத்தினால் நான் கெட்டிக்காரன் என்று தோன்றும். அறை போட்டுக் கொடுப்பதோடு நம் வேலை முடிவதில்லை. இந்தக் குழுவுக்கு வழிகாட்டியாக நானும் கப்பலில் போனேன்.

முதல் முழுநாள் காலையிலேயே நவாஸ் என்னைத் தேடிக்கொண்டு மேல்தளத்துக்கு வந்துவிட்டார். உம்மா இரவு சோறும் தொடவில்லை, காலையில் பாண் ரொட்டியும் தொடவில்லை. ரிஸானா கொடுத்த குளிசையை வாங்கி வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். விடிந்ததிலிருந்து கீழ் அறைக்குத் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஸபிய்யா ஏறி வந்து, பார்த்து, இறங்கி, மறுபடியும் ஏறி வந்திருக்கிறார்.

"நீங்கதான் பிரிச்சிங்க நானா. நீங்களே சேத்து வைங்க."

அறை மாற்ற வழி இருந்தது. அதே வரிசையில் ஒரு தனிப் பயணி கீழே போகச் சம்மதிப்பார் போலிருந்தது. ஒரு வார்த்தை கேட்டால் போதும். வயதான ஒரு மனுஷி கடலில் பட்டினி கிடக்கிறார் என்றால் யாருக்கும் கை ஓடாது. எனக்கும் அந்த நேரம், மாற்றிவிடு, வம்பு வேண்டாம் என்றுதான் தோன்றியது. ஆனால் அந்தக் குடும்பத்தில் நான் இன்னும் கேள்வி கேட்காத ஆள் ஒருவர் இருந்தார். அவர் உம்மாதான். அவருக்காக எல்லாரும் பேசினார்கள். அவரிடம் ஆலங்குடாவிலும் கேட்கவில்லை, கப்பலிலும் கேட்கவில்லை.

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன உம்மா, ஸபிய்யா பக்கத்தில் இல்லாமல் கஷ்டமா என்று கேட்டேன்.

"எனக்கென்ன கஷ்டம்? ரிஸானா நல்லாத்தான் பாக்கிறா. கை கொஞ்சம் முரடு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஸபிய்யா சின்ன வயசிலேருந்தே இருட்டுக்குப் பயப்படுவா மகன். கப்பலுக்கு அடியில கொண்டு போட்டிருக்கிங்க."

"கீழ இருட்டு இல்ல உம்மா. வெளிச்சமாத்தான் இருக்கு."

"நீங்க சொல்லுவிங்க."

"அப்ப வாங்க. பாத்துட்டு வருவம்."

நவாஸுக்கு இது பிடிக்கவில்லை. அழைத்துப் போனால் உம்மா அழுவார், பிறகு இரண்டு பேரையும் பிரிக்கவே முடியாது என்றார். அவர் சொன்னதும் நடக்கலாம்தான். சக்கர நாற்காலியில் உம்மாவை வைத்து லிஃப்டில் இறக்கினேன். நீண்ட நடைபாதை. உம்மா கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். இதெல்லாம் யாருடைய வீடு, இந்த ஆட்கள் எல்லாம் எந்த ஊர் என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

கதவைத் தட்டினேன். உள்ளே சத்தமில்லை. மேலே வரச்சொல்லி மறுபடியும் ஆள் வந்திருக்கிறது என்று நினைத்திருப்பார். "மகள், நான்தான்" என்றார் உம்மா. நான் உடனே தள்ளிப் போய் நடைபாதை திரும்பும் இடத்தில் முதுகைக் காட்டி நின்றேன். பூட்டுத் திறக்கும் சத்தம், உம்மா எழுந்து நடக்கும் சத்தம், மறுபடி பூட்டு விழும் சத்தம்.

உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. வெறும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். துப்புரவு செய்யும் பையன் ஒருவன் துவாய்களோடு கடந்து போனான், என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். அந்த வேலையில் நானும் ஆட்களை அப்படிப் பார்த்தவன்தான். அழுகைச் சத்தம் வருமோ என்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன். கப்பல் இயந்திரத்தின் சத்தம் மட்டுமே கேட்டது. கால் வலித்தது. அவர்களுக்கு என்னை நினைவிருக்கிறதா என்றே சந்தேகம் வந்தது.

கடைசியில் கதவு திறந்தது. உம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு தானாகவே நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பின்னால் கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு லிஃப்டுக்கு வந்தேன். லிஃப்ட் ஏறத் தொடங்கிய பிறகுதான் உம்மா வாய் திறந்தார்.

"அவட முடியெல்லாம் நரைச்சிட்டு மகன்."

"உங்களுக்குத் தெரியாதா உம்மா?"

"எங்க தெரியும்? பகல் எல்லாம் துணி. ராவைக்கு லைட்ட நூத்துட்டு இருட்டிலதான் கழட்டுவா. என்ட கண்ணும் மங்கல்." கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு அவ இன்னும் கறுத்த முடிக்காரிதான். சீப்ப வாங்கி நான் இழுத்து விட்டன். பேசாம இருந்தா, சின்னப் பிள்ள மாதிரி."

மேலே லிஃப்டின் வாசலில் நவாஸும் ரிஸானாவும் காத்துக்கொண்டு நின்றார்கள். உம்மா அழவில்லை என்பதைக் கண்டு நவாஸுக்கு ஆறுதல். போய் மதினியை மேலே கூட்டி வரட்டுமா, அறை மாற்றப் பேசட்டுமா என்று கேட்டார்.

"என்னத்துக்கு?" என்றார் உம்மா. "கப்பல் கரைக்குப் போற வரைக்கும் அந்த ரூமுக்கு ஒத்தரும் போன் கோல் எடுக்க வேணாம். அவளுக்குத் தோணினா வருவா."

ரிஸானா கணவனைப் பார்த்தார். நவாஸ் என்னைப் பார்த்தார். நான் நாற்காலியை ரிஸானாவின் கையில் கொடுத்தேன்.

"எனக்குப் பசிக்குது மகள்" என்றார் உம்மா. "குளிசையையும் எடுத்துட்டு வா."